கல்லையும் எழுத்தையும் தனித்தனியே கேளுங்கள்: வேதாகமத்தைத் தொல்லியலோடு படிக்கும் முறை

பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துப் பாறை மேடுகளில் கல்திட்டைகள் நிற்கின்றன. மூன்று பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக ஏற்றி வைத்திருப்பார்கள். ஊரில் கேட்டால் "பாண்டவர் வீடு" என்பார்கள். வனவாசத்தின்போது பாண்டவர் வந்து தங்கிய கதையையும் சொல்வார்கள். கல்திட்டைகளை ஆய்வாளர்கள் இரும்புக் காலத்தில் வைக்கிறார்கள்; பாண்டவர் கதை பிற்காலத்தில் அந்தக் கல்லுக்குள் குடிவந்தது. வேதாகமத்தைத் தொல்லியலோடு சேர்த்துப் படிக்க எங்கள் குழுவுக்குப் புதிதாக வருபவர்களை முதல் ஞாயிறு மதியம் நான் அழைத்துச் செல்வது எருசலேம் வரைபடத்திடம் அல்ல, இந்தக் கல்திட்டைகளில் ஒன்றிடம்தான்.

அங்கே அவர்கள் செய்ய வேண்டிய வேலை எளியது. அளவு நாடாவைப் பிடித்து மூடுகல்லின் நீளம், அகலம், கனம் மூன்றையும் எழுத வேண்டும். திறந்த பக்கம் எந்தத் திசையை நோக்குகிறது என்று குறிக்க வேண்டும். கல் பாறையின் மீது நிற்கிறதா மண்ணில் ஊன்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள் என்று அந்த ஒரு மணி நேரம் பேசக் கூடாது. செண்பகனூரில் இருந்த இயேசு சபைக் குரு ஆங்லாட் இந்த மலையின் கல்திட்டைகளை நியூட்டன் என்பவருடன் சேர்ந்து ஆராய்ந்து எழுதியது 1928இல் இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது. வேதம் படித்த ஒரு குரு பெருங்கற்களின் முன் நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஊக்கம் பிறக்கிறது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்: கல்லை அசைக்கக் கூடாது, அடியில் தோண்டக் கூடாது. புதையல் தேடியவர்கள் உடைத்துப் போட்ட திட்டைகள் நமக்கு இனி எதையும் சொல்லப் போவதில்லை.

இந்தப் பயிற்சியின் நோக்கத்தை வீட்டுக்குத் திரும்பியதும் விளக்குவேன். பழைய நூலும் பழைய பொருளும் இரண்டு சாட்சிகள். ஒரு வழக்கில் இரண்டு சாட்சிகளையும் ஒரே கூண்டில் ஏற்றி, ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் போட்டபடியே விசாரித்தால் அந்த விசாரணை செல்லாது. முதலில் நூலை மட்டும் படிக்க வேண்டும். பிறகு நூல் என்று ஒன்றே இல்லாதது போல் பொருளை மட்டும் பார்க்க வேண்டும். கடைசியில்தான் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த வேண்டும். நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த வரிசை தவறியதால் வந்தவை.

தேவைப்படும் பொருட்கள் அதிகமில்லை. பழைய மொழிபெயர்ப்பான பரிசுத்த வேதாகமம் ஒன்றும் திருவிவிலியம் ஒன்றும் மேசையில் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் சபை ஆராதனைக்குப் போகிறவர்களும் பூசைக்குப் போகிறவர்களும் கலந்திருப்பதால் இரண்டும் தாமாகவே வந்துவிடுகின்றன. இஸ்ரவேல், யூதா நாடுகளின் வரைபடம் ஒன்றும் நீளமான நோட்டு ஒன்றும் போதும். நோட்டின் இடப்பக்கம் நூலுக்கு, வலப்பக்கம் பொருளுக்கு. இரண்டையும் இணைக்கும் கருத்தை அடுத்த தாளைத் திருப்பிய பிறகே எழுத வேண்டும். இணைத்து எழுதும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் "உறுதி", "பொருத்தம்", "ஊகம்" என்ற மூன்று சொற்களில் ஒன்றைப் போடச் சொல்கிறேன்.

முதல் பாடமாக யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் செழிப்பாக இருக்கும் பகுதி இதைப் போல் வேறில்லை. இடப்பக்கத்துக்கு 2 இராஜாக்கள் 18 முதல் 20 வரையுள்ள அதிகாரங்களை உரக்க வாசியுங்கள். அசீரிய ராஜாவான சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடிக்கிறான். எசேக்கியா யூதாவின் அரணான பட்டணங்களில் ஒன்றான லாகீசுக்கு ஆள் அனுப்பி முந்நூறு தாலந்து வெள்ளியும் முப்பது தாலந்து பொன்னும் கட்டுகிறான் (தாலந்து அக்கால எடை அளவு). பிறகு எருசலேம் முற்றுகைக்கு உள்ளாகிறது. ஒரே இரவில் அசீரியரின் பாளயம் அழிகிறது. சனகெரிப் நினிவேக்குத் திரும்புகிறான். பணம் கட்டிய செய்தியும் அற்புத விடுதலையின் செய்தியும் அடுத்தடுத்து நிற்பதையும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் இடத்தில் கதையின் நடை மாறுவதையும் குழுவே கவனிக்கும்படி விடுங்கள். நீங்களாகச் சுட்டிக்காட்ட வேண்டாம்.

அடுத்த வாரம் வலப்பக்கம். சனகெரிப் தன் படையெடுப்புகளை ஆறு பட்டைக் களிமண் தூணில் எழுதி வைத்தான். அதன் ஒரு படி லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 701இல் யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டில் அடைத்த பறவையைப் போல எருசலேமுக்குள் அடைத்ததாகவும், 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் பெற்றதாகவும் அது சொல்கிறது. எருசலேமைப் பிடித்ததாகச் சொல்லவில்லை. நினிவே அரண்மனைச் சுவர்களில் அவன் செதுக்கி வைத்ததும் லாகீஸ் வீழ்ந்த காட்சியைத்தான். லாகீஸ் மேட்டை அகழ்ந்தபோது முற்றுகைக்காக எழுப்பிய கற்சரிவும், அம்பு முனைகளும், எரிந்த மண் அடுக்கும் கிடைத்தன. "ராஜாவுக்குரியது" என்ற முத்திரை பதித்த சாடிக் கைப்பிடிகள் அங்கும் யூதாவின் பிற ஊர்களிலும் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன.

இப்போது தாளைத் திருப்பலாம். முப்பது தாலந்து பொன் இரண்டு பக்கத்திலும் ஒத்துப்போகிறது. வெள்ளிக் கணக்கு ஒத்துப்போகவில்லை. படையெடுப்பும், லாகீசின் அழிவும், எசேக்கியா கப்பம் கட்டியதும், எருசலேம் பிடிபடாததும் "உறுதி" என்ற சொல்லைப் பெறும். அசீரியப் படை ஏன் திரும்பியது என்ற கேள்விக்கு நூல் விசுவாசத்தின் பதிலைத் தருகிறது. களிமண் தூண் அந்தக் கேள்வியையே தொடவில்லை. தோல்வியை எழுதி வைக்கும் வழக்கம் அசீரிய அரசர்களுக்கு இல்லை என்பதால், தூணின் மௌனத்தை எந்தப் பக்கத்துக்கும் சாதகமாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இதே எசேக்கியாவின் கதையில் இன்னொரு பொருள் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம். 2 இராஜாக்கள் 20:20, அவன் ஒரு குளத்தையும் சாலகத்தையும் (நீர்க்காலையும்) உண்டாக்கித் தண்ணீரை நகரத்திற்குள் வரப்பண்ணினான் என்கிறது. எருசலேமில் கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம் வரை பாறைக்குள் வளைந்து வளைந்து செல்லும் 533 மீட்டர் சுரங்கம் இன்றும் இருக்கிறது. அதில் தண்ணீரில் கால் நனைய நடந்து போகலாம். 1880இல் அங்கே விளையாடப் போன சிறுவர்கள் கண்ணில் ஒரு கல்வெட்டு பட்டது. ஆறு வரிகள், பழைய எபிரெய எழுத்து. இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்த ஆட்கள், இடையில் மூன்று முழம் மீதமிருக்கும்போது ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரலைக் கேட்டதையும், உளிக்கு எதிர் உளியாக வெட்டிச் சந்தித்ததையும், தண்ணீர் ஊற்றிலிருந்து குளத்துக்கு 1,200 முழம் ஓடியதையும், தலைக்கு மேல் பாறை நூறு முழ உயரம் இருந்ததையும் அது சொல்கிறது.

எங்கள் குழுவில் இளமையில் கிணறு வெட்டும் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். கல்வெட்டின் மொழிபெயர்ப்பை வாசித்து முடித்ததும் அவர் கேட்டது, "இதுல ராஜா பேரு எங்கப்பா?" என்பதுதான். கல்வெட்டில் எசேக்கியாவின் பெயரும் இல்லை, கடவுளின் பெயரும் இல்லை. வெட்டிய ஆட்களின் மூச்சும் குரலும் மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் சுரங்கத்தை எசேக்கியாவோடு எப்படி இணைக்கிறோம்? எழுத்தின் வடிவம் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் முடிவைக் காட்டுகிறது. சுரங்கத்தின் சாந்துப் பூச்சில் சிக்கியிருந்த செடித் துணுக்குகளையும், பிறகு படிந்த சுண்ணாம்புப் படிவுகளையும் சோதித்து 2003இல் வெளியான முடிவும் ஏறத்தாழ கி.மு. 700ஐ ஒட்டியே வந்தது. நூலின் செய்தி, எழுத்தின் வடிவம், பொருளின் வயது ஆகிய மூன்றும் தனித்தனியே விசாரிக்கப்பட்டு ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. அறிஞர்களில் சிலர் ஆண்டைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள் என்பதால் நாங்கள் "பொருத்தம்" என்று எழுதினோம். பெரியவருக்கு அந்தச் சொல் போதவில்லை. "உறுதி"ன்னே போடலாம் என்று கடைசி வரை வாதாடினார். இந்த மாதிரி வாதம் நடந்தால் உங்கள் குழு சரியான வழியில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை வேறு எந்தக் கேள்விக்கும் முன்னால் கேட்கப் பழக வேண்டும். இதை நான் வருத்தத்தோடு கற்றுக்கொண்டேன். 2002 அக்டோபரில் "யாக்கோபு, யோசேப்பின் மகன், இயேசுவின் சகோதரன்" என்று அரமேய மொழியில் பொறித்த ஓர் எலும்புப் பெட்டி, அதாவது இறந்தவரின் எலும்புகளைச் சேர்த்து வைக்கும் கற்பெட்டி, உலகச் செய்தியானது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் கூட்டத்தில் அதை ஆதாரமாகக் காட்டி உணர்ச்சியோடு பேசினேன். அடுத்த ஆண்டு இஸ்ரேல் தொல்பொருள் ஆணையத்தின் குழு, எழுத்தின் ஒரு பகுதியாவது பிற்காலப் போலி என்று அறிவித்தது. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது; 2012இல் பெட்டியின் உரிமையாளர் போலி செய்த குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார், ஆனால் அதனால் அந்த எழுத்து உண்மையானது என்று நிரூபணமாகவில்லை என்று நீதிபதியே சொன்னார். அந்தப் பெட்டி அகழாய்வில் எடுக்கப்பட்டதல்ல, பழம்பொருள் சந்தையிலிருந்து வந்தது. எந்தக் கல்லறையில், எந்த அடுக்கில், எந்தப் பொருளோடு கிடந்தது என்பது போய்விட்டது. அது போன பிறகு எந்த ஆய்வுக்கூடத்தாலும் முழுதாக மீட்க முடியாது. நான் பேசிய அதே இடத்தில் நின்று திருத்திச் சொன்னேன்.

இதற்கு எதிராக, 1990இல் எருசலேமின் தெற்கே கட்டுமான வேலையின்போது வெளிப்பட்ட கல்லறையை நினைத்துப் பாருங்கள். தொல்லியலாளர்கள் உடனே வந்து பதிவு செய்தார்கள். அங்கிருந்த எலும்புப் பெட்டிகளில், செதுக்கல் மிகுந்த ஒன்றில் "யெகோசெப் பர் கயாபா", அதாவது கயாபாவின் மகன் யோசேப்பு, என்று கீறியிருந்தது. இயேசுவை விசாரித்த பிரதான ஆசாரியனைச் சுவிசேஷங்கள் காய்பா என்று மட்டும் சொல்கின்றன. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ்தான் அவனுக்கு யோசேப்பு என்ற பெயரும் இருந்ததைத் தருகிறார். அவனுடைய குடும்பக் கல்லறை என்பதற்கு நல்ல பொருத்தம் இருக்கிறது. எல்லா அறிஞரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனாலும் விவாதிப்பதற்கு ஓர் இடமும் அடுக்கும் இருக்கின்றன. ஆகவே வாட்சப்பில் செங்கடல் தேர்ச் சக்கரமோ நோவாவின் பேழையோ வந்தால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: யார் தோண்டியது, எந்த ஆண்டு, இப்போது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எந்த ஆய்வேட்டில் வந்தது. நான்குக்கும் பதில் இல்லாத படத்தைச் சபையில் காட்டாதீர்கள். காட்டிவிட்டுப் பிறகு தவறென்று தெரிந்தால், இளையவர்கள் அடுத்த முறை உண்மையான கல்லைக் காட்டினாலும் நம்ப மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பும் ஒரு அகழாய்வு அடுக்கு போன்றதுதான். பழைய வேதாகமத்தில் "தோப்பு" என்றும் "தோப்பு விக்கிரகம்" என்றும் வரும் இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மலையில் கோயில் காடு என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் சுள்ளி கூடப் பொறுக்க மாட்டார்கள். அதனால் குழுவினர் மனதில் எருசலேமிலும் அப்படியொரு மரக்கூட்டம் எழுந்துவிட்டது. ஆனால் 2 இராஜாக்கள் 23:6இல் யோசியா ராஜா அதை ஆலயத்திலிருந்து வெளியே கொண்டுபோய், கீதரோன் ஆற்றோரத்தில் சுட்டெரித்துத் தூளாக்குகிறான். தோப்பை எப்படி ஆலயத்துக்குள்ளிருந்து தூக்கிக்கொண்டு போவது என்று ஒரு அக்கா கேட்டார்; இடப்பக்கத்தை மட்டும் கவனமாகப் படித்ததிலேயே பிறந்த அருமையான கேள்வி அது. எபிரெயத்தில் உள்ள சொல் "அசேரா". பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதைத் தோப்பு என்று பெயர்த்தது. அந்த வழக்கம் மொழி மொழியாக இறங்கித் தமிழுக்கும் வந்தது. 1975, 1976 ஆண்டுகளில் சீனாய்ப் பகுதியில் குந்தில்லத் அஜ்ருத் என்னும் இடத்தில் அகழ்ந்தபோது, கி.மு. 800ஐ ஒட்டிய பெரிய சாடிகளில் "சமாரியாவின் யாவே, அவருடைய அசேரா" என்று சொல்லி ஆசி கூறும் எழுத்துகள் கிடைத்தன; யாவே என்பது இஸ்ரவேலின் கடவுளின் பெயர். அங்கே அசேரா என்பது தெய்வத்தின் பெயரா, வழிபாட்டுக் கம்பமா என்று அறிஞர்கள் இன்னும் வாதிக்கிறார்கள். தீர்க்கதரிசிகள் எதை எதிர்த்து அவ்வளவு கடுமையாகப் பேசினார்கள் என்பது இந்தச் சாடிகளுக்குப் பிறகு நமக்கு இன்னும் அருகில் தெரிகிறது.

நூலே ஒரு பொருளாகக் கிடைத்த இடம் சாக்கடல் கரையோரத்துக் கும்ரான். 1947 தொடங்கி அதன் குகைகளில் கிடைத்த சுருள்கள், அதுவரை கையிலிருந்த முழு எபிரெயப் படிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழையவை. இதைச் சொல்லிக் கடந்துவிடாமல் ஒரு சின்னப் பயிற்சி செய்யுங்கள். கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும் என்று 1 சாமுவேல் 17:4 சொல்கிறது. கும்ரான் சுருள் ஒன்றிலும், பழைய கிரேக்கப் படியிலும், ஜொசீபசிடமும் அது நான்கு முழமும் ஒரு ஜாணும். இரண்டு உயரத்தையும் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள்: ஒன்று ஏறத்தாழ இரண்டு மீட்டர், மற்றது மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் கூடத்தில் இரண்டாவது கோட்டுக்கு ஏணி வேண்டியிருந்தது. படியெடுத்தவர்களின் கை நூலுக்குள் எப்படி வேலை செய்திருக்கிறது என்பதைப் பிள்ளைகள் கூட அந்த இரண்டு கோடுகளில் புரிந்துகொண்டார்கள்.

புதிய ஏற்பாட்டுக்கு வரும்போது பெரிய மனிதர்களின் பெயரைத் தேடுவது இயல்பு. 1961இல் செசரியாவில் கிடைத்த, பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லும், பவுல் கொரிந்துவில் ரோம ஆளுநர் கல்லியோனின் முன் நின்ற ஆண்டை ஏறத்தாழ கி.பி. 51, 52 என்று குறிக்க உதவும் தெல்பிக் கல்வெட்டும் முக்கியமானவைதான். அவற்றை ஒரே நாளில் முடித்துவிடலாம். நேரம் செலவிட வேண்டிய இடம் வீட்டுச் சாமான்கள். யோவான் 2:6இல், யூதர்கள் தங்களைச் சுத்திகரிக்கும் முறைமையின்படி கானாவூர்க் கலியாண வீட்டில் ஆறு கற்சாடிகள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் என்கிறது நம் மொழிபெயர்ப்பு. கிரேக்க மூலத்தின் அளவை ஏறத்தாழ 39 லிட்டர் என்று கணக்கிட்டால் ஒரு சாடி 80 முதல் 120 லிட்டர் வரை கொள்ளும். இடுப்பில் தூக்கும் குடத்தை நினைத்து வாசித்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்கார்வார்கள்.

ஏன் கல்? எருசலேமிலும் கலிலேயாவிலும் முதல் நூற்றாண்டு வீடுகளில் மென்மையான சுண்ணக்கல்லில் கடைந்த கோப்பைகளும் சாடிகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. நாசரேத்துக்கு அருகே ரெய்னாவில் அவற்றைச் செய்த பட்டறை 2017இல் அகழப்பட்டது. லேவியராகமம் 11:33 தீட்டுப்பட்ட மண்பாத்திரத்தை உடைத்துவிடச் சொல்கிறது. கல்லுக்கோ தீட்டு ஒட்டாது என்பது யூத மரபு. துக்க வீட்டில் மண்பானையை மாற்றிப் பித்தளையைத் துலக்கி வைக்கும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று விளங்கும். விளங்குவதால் ஓர் ஆபத்தும் உண்டு. நம் ஊரில் தீட்டு என்ற சொல் சாதியோடு ஒட்டிக்கொண்டு மனிதரைப் பிறப்பால் விலக்கப் பயன்பட்டது. முதல் நூற்றாண்டு யூதரின் சுத்திகரிப்பு அப்படியன்று. பிரதான ஆசாரியனுக்கும் தீட்டு வரும், குளித்துக் காத்திருந்தால் போகும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் கற்சாடியைக் காட்டினால், யூதரைப் பற்றித் தவறான எண்ணத்தை நாமே விதைத்தவர்களாவோம்.

யூத சமயத்தை அதற்காகவே படியுங்கள். எருசலேமில் 1913இல் கண்டெடுக்கப்பட்ட தெயொதோத்து கல்வெட்டு, நியாயப்பிரமாணத்தை வாசிக்கவும் கட்டளைகளைப் போதிக்கவும், வெளியூரிலிருந்து வருபவர்கள் தங்கவும் ஒரு ஜெப ஆலயம் கட்டப்பட்டதைக் கிரேக்கத்தில் சொல்கிறது. எகிப்தின் எலிபந்தைனில் வாழ்ந்த யூதர்கள் இடிக்கப்பட்ட தங்கள் கோயிலைத் திரும்பக் கட்ட உதவி கேட்டு கி.மு. 407இல் யூதாவின் ஆளுநருக்கு எழுதிய கடிதம் பப்பைரசில் இருக்கிறது. ஒரே இடத்தில்தான் பலி என்ற உபாகமம் 12ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு அந்தக் கடிதத்தை வாசியுங்கள். அன்றைய யூதர் வாழ்க்கை எவ்வளவு விரிந்தது என்று தெரியும்.

யோசுவாவின் முன் மதில்கள் இடிந்து விழுந்ததாக வேதாகமம் சொல்லும் எரிகோவை மட்டும் முதல் ஆண்டின் கடைசிக்கு வையுங்கள். 1930களில் கார்ஸ்டாங் என்ற தொல்லியலாளர் அங்கே தோண்டி, விழுந்து கிடந்த மதில்கள் யோசுவா காலத்தவை என்றார். 1952 முதல் 1958 வரை அங்கே அகழ்ந்த கேத்லீன் கென்யன், அந்த மதில்கள் பல நூற்றாண்டு மூத்தவை என்றும், நகரம் கி.மு. 1550 வாக்கில் அழிந்தது என்றும், யோசுவாவுக்குச் சொல்லப்படும் காலத்தில் அங்கே மதில் சூழ்ந்த பட்டணத்தின் தடயம் இல்லை என்றும் காட்டினார். இதை மறைக்காமல் வலப்பக்கத்தில் எழுதுங்கள். மதிலை மழை கரைத்திருக்கலாம் என்று ஒருவர் சொல்வார், யோசுவாவின் கதையே பின்னால் வேறு நோக்கத்தோடு எழுதப்பட்டது என்று இன்னொருவர் சொல்வார், ஒருவர் எழுந்து வெளியே போகவும் கூடும். எசேக்கியாவிலும் கற்சாடியிலும் ஓர் ஆண்டு ஒன்றாகப் பழகிய குழு அவரைத் திரும்ப அழைத்து உட்கார வைக்கும். இந்தப் பாடத்துக்கு இரண்டு ஞாயிறுகள் ஒதுக்குங்கள். இரண்டாவது ஞாயிறு நீங்கள் குறைவாகப் பேசுங்கள்.